பழைய சர்வரை விஎம் ஆக மாற்றுவது: முதல் முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

இரும்புப் பெட்டியாக ரேக்கில் நிற்கும் ஒரு சர்வரை, அதில் ஓடும் இயங்குதளம், மென்பொருள், தரவு எல்லாவற்றோடும் மெய்நிகர் இயந்திரமாக, அதாவது விஎம் ஆக மாற்றுவதை இந்தத் துறையில் பி2வி என்பார்கள். புதிதாகச் செய்பவர்கள் இதை டிஸ்க் நகலெடுக்கும் வேலை என்று நினைத்து இறங்குவார்கள். நகலெடுப்பு இதில் சின்னப் பகுதிதான். தொடங்கிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். வேலை கெடுவது வேறு இரண்டு இடங்களில். புது வன்பொருளில் முதல்முறை எழும்போது, இயங்குதளத்துக்குத் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் போவது ஒன்று. பழைய சர்வரும் புது விஎம்மும் ஒரே பெயரில், ஒரே ஐபி முகவரியில் இரண்டுமே உயிரோடு இருக்கும் இடைவெளி இன்னொன்று. இந்த இரண்டுக்கும் வேண்டிய ஏற்பாடு முழுவதையும் பழைய சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிட வேண்டும். பிறகு செய்தால் அதே வேலை பத்து மடங்கு சிரமம்.

எதை மாற்றக் கூடாது

விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலரை, அதாவது நிறுவனத்தின் பயனர், கணினிக் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரை, நகலெடுக்காதீர்கள். புதிய விஎம் ஒன்றில் விண்டோஸ் சர்வரைப் புதிதாக நிறுவி, அதையும் டொமைன் கன்ட்ரோலராக உயர்த்தி, பொறுப்புகளை அதற்கு மாற்றி, பழையதை முறைப்படி பதவி இறக்குவதே சரியான வழி. காரணம் இது: டொமைன் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் நடக்கும் மாற்றங்களை வரிசை எண் போட்டுப் பரிமாறிக்கொள்கின்றன. நகலெடுத்த பிறகு பழையது சில மணி நேரம் ஓடியிருந்தால், விஎம் பழைய எண்ணிலிருந்து மறுபடி தொடங்கும். மற்ற கன்ட்ரோலர்கள் அந்த எண்களை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் புது மாற்றங்களைப் பெற்றுக்கொள்ளாது. இதை யுஎஸ்என் ரோல்பேக் என்பார்கள். விண்டோஸ் சர்வர் 2012 முதல் விஎம் ஜெனரேஷன் ஐடி என்ற பாதுகாப்பு வந்தது உண்மைதான். ஆனால் அது விஎம் நிலையில் ஸ்னாப்ஷாட் எடுத்துத் திரும்புவதைக் கண்டுபிடிக்கத்தான். இரும்புச் சர்வரிலிருந்து நகலெடுத்ததை அது காப்பாற்றாது.

டெலிபோன் அட்டை, ஃபேக்ஸ் அட்டை, டேப் டிரைவ் போன்றவை நேரடியாகச் செருகப்பட்ட சர்வர்களையும் தள்ளி வையுங்கள். அட்டையை விஎம்முக்குக் கடத்தும் வசதி உண்டு, ஆனால் அதன்பின் அந்த விஎம் ஒரே ஹோஸ்ட்டோடு (விஎம்களை ஓட்டும் இரும்புச் சர்வர்) கட்டுண்டுவிடும். மெய்நிகராக்குவதன் பாதிப் பயன் அங்கேயே போய்விடுகிறது.

லினக்ஸில் ஒரு இணையதளமோ சிறு சேவையோ மட்டும் ஓடுகிறது, அமைப்புக் கோப்புகள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன என்றால், புது விஎம்மில் நிறுவித் தரவை மட்டும் மாற்றுவது வேகமானது. பத்து வருடக் குப்பையும் கூட வராது. நிறுவும் மென்பொருள் கையில் இல்லாத, அமைத்தவர் விலகிப்போன, தொட்டால் நின்றுவிடும் என்று எல்லோரும் பயப்படும் சர்வருக்குத்தான் முழு நகலெடுப்பு பொருத்தம்.

முதல் நாள்: குறிப்பேடு

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். சர்வர் அணைந்த பிறகு இவற்றைப் பார்க்க வழியில்லை.

- பூட் முறை (கணினி எழும் விதம்) பழைய பயாஸா, புதிய யுஇஎஃப்ஐயா. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் பயாஸ் மோட் என்ற வரி சொல்லும். லினக்ஸில் சிஸ் அடைவின் ஃபர்ம்வேர் பிரிவுக்குள் இஎஃப்ஐ என்ற அடைவு இருந்தால் யுஇஎஃப்ஐ.
- ஒவ்வொரு டிஸ்க்கின் மொத்த அளவு, அதில் நிரம்பிய அளவு, பார்ட்டிஷன் முறை எம்பிஆரா ஜிபிடியா, செக்டர் அளவு 512 பைட்டா 4096 பைட்டா.
- எல்லா நெட்வொர்க் அட்டைகளின் ஐபி, சப்நெட், கேட்வே, டிஎன்எஸ், மேக் முகவரி, அந்த ஸ்விட்ச் போர்ட்டின் விலான் (ஸ்விட்ச்சுக்குள் பிரிக்கப்பட்ட தனி நெட்வொர்க்) எண்.
- டிஸ்க் மறையாக்கம் உண்டா. பிட்லாக்கர் என்றால் அதன் மீட்பு எண்.
- எந்த மென்பொருளின் உரிமம் மேக் முகவரியோடோ, யுஎஸ்பி டாங்கிளோடோ (உரிமத்துக்கான செருகு சாவி) கட்டுப்பட்டிருக்கிறது.
- உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் கடவுச்சொல். டொமைன் கணக்கை மட்டும் நம்பினால், நெட்வொர்க் இல்லாமல் எழும் விஎம்முக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்க நேரும்.

செக்டர் அளவைப் பலர் கவனிப்பதில்லை. 4096 பைட் செக்டர் டிஸ்க்கிலிருந்து அப்படியே எடுத்த பிம்பத்தை 512 பைட் மெய்நிகர் டிஸ்க்காக இணைத்தால், பார்ட்டிஷன் அட்டவணையே தெரியாது. அட்டவணையில் உள்ள கணக்கு பைட்டில் எழுதப்படுவதில்லை, செக்டர் எண்ணிக்கையில் எழுதப்படுகிறது. எண் அதேதான், அது காட்டும் இடம் வேறாகிவிடுகிறது. இப்படிப்பட்ட லினக்ஸ் சர்வருக்குப் பின்னால் சொல்லப்போகும் கோப்பு வழி நகலைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது விஎம்முக்கு எவ்வளவு கொடுப்பது. பழைய சர்வரில் 32 கோர் இருக்கிறது என்பதற்காக விஎம்முக்கும் 32 கொடுக்காதீர்கள். குறைந்தது 2 வாரம், அதில் மாதக் கடைசி வேலையும் அடங்கும்படி, சிபியு, நினைவகம், டிஸ்க் பயன்பாட்டை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 2 அல்லது 4 கோரில் தொடங்கினால் போதும். அதிகம் கொடுப்பது தீங்கில்லாத தாராளம் என்று தோன்றும். ஆனால் ஹோஸ்ட்டில் கூட்டம் இருக்கும்போது, அதிக கோர் கொண்ட விஎம் தன் முறைக்குக் காத்திருக்கும் நேரம் கூடுகிறது. கூடவே ஓடும் மற்ற விஎம்களும் மெதுவாகின்றன. நினைவகத்தைப் பொறுத்தவரை உண்மையான உச்சப் பயன்பாட்டுக்கு மேல் கால்பங்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுவது பிறகு எளிது.

நேரக் கணக்கு

சேவை எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்லாமல் யாரும் அனுமதி தர மாட்டார்கள், தரவும் கூடாது. 1 ஜிகாபிட் இணைப்பில் நடைமுறையில் விநாடிக்கு 110 எம்பி வரை போகும். 500 ஜிபி டிஸ்க் என்றால் ஏறக்குறைய 1 மணி 15 நிமிடம். 2 டிபி என்றால் 5 மணி நேரம். அதே 500 ஜிபி 100 மெகாபிட் இணைப்பில் பன்னிரண்டரை மணி நேரத்தைத் தின்னும். பழுதான ஒரு கேபிள் ஜிகாபிட் அட்டையையே 100 மெகாபிட்டுக்கு இறக்கிவிடும் என்பதால், தொடங்கும் முன் இணைப்பு வேகத்தைக் கண்ணால் பாருங்கள். யுஎஸ்பி 2.0 வெளி டிஸ்க்கில் எடுத்தால் விநாடிக்கு 30 எம்பி தாண்டினாலே நல்லது.

இந்தக் கணக்கு டிஸ்க் முழுவதும் நகலாகும் வழிக்கு. பயன்படுத்திய பகுதியை மட்டும் எடுக்கும் கருவிகளுக்கு, நிரம்பிய அளவை வைத்துக் கணக்கிடுங்கள். 500 ஜிபி டிஸ்க்கில் 80 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றால் வித்தியாசம் பெரிது. ஆகவே பழைய லாக் கோப்புகள், அப்டேட் மிச்சங்கள், யாரோ வைத்துவிட்டுப்போன பேக்கப் நகல்கள் இவற்றை முன்னாடியே நீக்குங்கள்.

மூன்று வழிகள்

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுப்பது ஒன்று. விண்டோஸில் விஎஸ்எஸ் என்ற நிழல் நகல் வசதி இதற்குத் துணை. சிஸ்இன்டர்னல்ஸின் டிஸ்க்2விஎச்டி, விஎம்வேரின் வி-சென்டர் கன்வர்ட்டர் இரண்டும் இப்படி வேலை செய்பவை. கன்வர்ட்டரை 2022 பிப்ரவரியில் விஎம்வேர் விலக்கிக்கொண்டது, அதே வருடம் அக்டோபரில் 6.3 பதிப்பாகத் திரும்ப வந்தது. பழைய பதிப்பு ஏதாவது கணினியில் கிடந்தால் அதை எடுக்காமல் புதியதையே எடுங்கள்.

சர்வரை அணைத்து, யுஎஸ்பியிலிருந்து வேறொரு லினக்ஸில் எழுப்பி, தூங்கும் டிஸ்க்கை எடுப்பது இரண்டாவது. குளோன்சில்லா, வெர்ட்-பி2வி, வெறும் டிடி கட்டளை ஆகியவை இந்த வகை. சேவை நிற்கும் நேரம் அதிகம், ஆனால் எடுத்த நகலில் ஐயத்துக்கு இடமில்லை. முதல் முறை செய்பவருக்கு இதுவே உகந்தது.

மூன்றாவது கோப்பு வழி. புது விஎம்மில் நீங்களே பார்ட்டிஷன் அமைத்து, கோப்புகளை மட்டும் ஆர்சிங்கால் கொண்டுவந்து, பூட்லோடரைப் புதிதாகப் போடுவது. லினக்ஸுக்கு மட்டும். டிஸ்க்கைச் சிறிதாக்க வேண்டும் என்றாலும், நிறுத்தும் நேரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றாலும் இதற்கு இணையில்லை. எக்ஸ்எஃப்எஸ் கோப்பமைப்பை நடைமுறையில் சுருக்க முடியாது என்பதால், 4 டிபி எக்ஸ்எஃப்எஸ் டிஸ்க்கில் 200 ஜிபி மட்டும் இருக்கும் சர்வருக்கு வேறு நல்ல வழியும் கிடையாது.

நகலெடுக்கும் முன் எல்லா சர்வரிலும்

முதலில் பேக்கப். பழைய டிஸ்க் முழுவதையும் ஒரே மூச்சில் படிப்பது அதற்குப் பெரிய பளு. வருடக்கணக்காகத் தொடாத பகுதிகளும் அப்போதுதான் படிக்கப்படும். ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைக்கும் பதிவு) படிக்க முடியாத செக்டர், நிலுவை செக்டர் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லையென்றால், டிடிக்குப் பதில் டிடிரெஸ்க்யூவை வரைபடக் கோப்போடு பயன்படுத்துங்கள். கெட்ட இடத்தைத் தாண்டி மற்றதை முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து முயலும். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் விவரம் நேரடியாகத் தெரியாது. அந்தக் கார்டின் கருவியில்தான் பார்க்க வேண்டும்.

நெட்வொர்க் அட்டைகளை இணைக்கும் டீமிங் மென்பொருள், டிஸ்க் மல்டிபாத் மென்பொருள், சர்வர் தயாரிப்பாளரின் கண்காணிப்பு ஏஜென்ட்டுகள் இவற்றை இப்போதே கணக்கெடுங்கள். டீமிங்கைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். வன்பொருள் மறைந்த பிறகு அதன் அன்இன்ஸ்டாலர் வேலை செய்யாமல் மக்கர் செய்யும். கைமாற்றும் நாளில் (பழையதை நிறுத்தி விஎம்முக்கு மாறும் நாள்), நகலெடுக்கும் முன் டீமிங்கை உடைத்து ஒற்றை அட்டையில் ஐபி போட்டுவிடுங்கள். இரட்டை இணைப்பைப் பார்த்துக்கொள்வது இனி ஹோஸ்ட்டின் வேலை.

விண்டோஸ் சர்வர்: படிப்படியாக

1. நிர்வாகி கட்டளைத் திரையில் விஎஸ்எஸ்அட்மின் மூலம் விஎஸ்எஸ் ரைட்டர்களின் பட்டியலைப் பாருங்கள். எல்லாம் ஸ்டேபிள் என்றும் பிழை இல்லை என்றும் இருக்க வேண்டும். ஒன்று தோற்றிருந்தாலும் அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்து சரிசெய்யாமல் தொடராதீர்கள்.

2. செக்டிஸ்க் ஓட்டிக் கோப்பமைப்புப் பிழைகளைச் சரிசெய்யுங்கள். பிட்லாக்கர் இருந்தால் முழுமையாக அவிழ்த்துவிடுங்கள். அதன் சாவி பழைய மதர்போர்டின் டிபிஎம் சிப்பில் இருக்கிறது, விஎம்மோடு அது வராது.

3. தரவுத்தளம், மின்னஞ்சல், கணக்கு மென்பொருள் சேவைகளை நிறுத்துங்கள். நிழல் நகல் இருந்தாலும் இறுதி நகலுக்கு இதைச் செய்யுங்கள். சேவை ஓடினால், நகலெடுக்கத் தொடங்கிய நிமிடத்துக்குப் பிறகு வரும் பதிவுகள் பழைய சர்வரிலேயே தங்கிவிடும்.

4. டிஸ்க்2விஎச்டியைத் திறந்து, சி டிரைவோடு எழுத்து இல்லாத சிறிய பார்ட்டிஷன்களையும் தேர்ந்தெடுங்கள். அவற்றில்தான் பூட் கோப்புகள் இருக்கின்றன. புதியவர்கள் அதிகம் விடுவது இதைத்தான். விஎச்டிஎக்ஸ் வடிவம், நிழல் நகல் இரண்டையும் குறியிடுங்கள். பழைய விஎச்டி வடிவம் 2 டிபியோடு முடிந்துவிடும். விஎச்டிஎக்ஸ் 64 டிபி வரை தாங்கும். சேமிக்கும் இடம் அதே டிஸ்க்காக இருக்கக் கூடாது. வேறு டிஸ்க்கோ நெட்வொர்க் பகிர்வோ வேண்டும்.

5. உருவான கோப்பைச் சோதிக்கிறேன் என்று அதே சர்வரில் இணைத்துப் பார்க்காதீர்கள். ஒரே கையொப்பத்தோடு இரண்டு டிஸ்க் இருப்பதைக் காணும் விண்டோஸ், புதியதற்கு வேறு கையொப்பம் எழுதிவிடும். அதன்பின் அது பூட் ஆகாது.

6. மைக்ரோசாஃப்ட்டின் விஎம் தளமான ஹைப்பர்-வி என்றால் விஎம் உருவாக்கும்போதே தலைமுறையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்: பயாஸ் சர்வருக்குத் தலைமுறை 1, யுஇஎஃப்ஐ சர்வருக்குத் தலைமுறை 2. பிறகு மாற்ற முடியாது. பிராக்ஸ்மாக்ஸ் போன்ற கேவிஎம் (லினக்ஸின் விஎம் வசதி) தளம் என்றால் காலியான விஎம் ஒன்றை உருவாக்கி, கோப்பை க்யூஎம் கட்டளையின் டிஸ்க் இம்போர்ட்டால் உள்ளிழுங்கள். பயன்படாத டிஸ்க் என்ற பெயரில் அது வன்பொருள் பட்டியலில் நிற்கும். அதை இணைத்து, பூட் வரிசையிலும் முதலில் வைக்க வேண்டும். இந்த இரண்டாவதை மறந்துவிட்டு டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய.

கேவிஎம்மில் டிஸ்க்கை முதலிலேயே விர்ட்ஐஓவில் (விஎம்களுக்கென்றே உருவான வேகமான இணைப்பு முறை) இணைத்தால் நீலத்திரைதான் வரும்: இனாக்சஸிபிள் பூட் டிவைஸ். விண்டோஸில் அந்த டிரைவர் உள்ளடங்கி வருவதில்லை. டிரைவரை வெறுமனே நிறுவி வைத்தாலும் போதாது. அந்த வன்பொருளை ஒருமுறை கண்ணால் கண்டால்தான் பூட் நேரத்திலேயே ஏற்ற வேண்டிய டிரைவராக விண்டோஸ் அதைப் பதிவு செய்யும். அதற்கான நடைமுறை இது. முதலில் டிஸ்க்கை சாட்டா அல்லது ஐடிஇ ஆக இணையுங்கள். கூடவே 1 ஜிபி அளவில் ஒரு காலி டிஸ்க்கை விர்ட்ஐஓ ஸ்கசியில் இணையுங்கள். விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை டிவிடியாக மாட்டி, விண்டோஸை எழுப்பி, டிரைவர்களை நிறுவுங்கள். காலி டிஸ்க் டிவைஸ் மேனேஜரில் தெரிந்ததும் விஎம்மை அணைத்து, அதை நீக்கி, உண்மையான டிஸ்க்கை விர்ட்ஐஓ ஸ்கசிக்கு மாற்றுங்கள்.

சாட்டாவிலும் நீலத்திரை வந்தால், பழைய சர்வர் ரெய்டு கார்டிலிருந்து மட்டுமே பூட் ஆகிப் பழகியிருக்கிறது, சாட்டா டிரைவரை விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று பொருள். விண்டோஸ் நிறுவல் டிவிடியில் எழுந்து, கட்டளைத் திரையில் பிசிடிஎடிட் கொண்டு சேஃப் மோடை அமைத்து ஒருமுறை எழுப்பினால் பெரும்பாலும் தீரும். எழுந்த பிறகு அந்த அமைப்பை நீக்க மறக்க வேண்டாம். வெர்ட்-பி2வி வழியில் போனால், மறுமுனையில் இருக்கும் வெர்ட்-வி2வி விண்டோஸுக்குள் டிரைவர்களைத் தானே செருகிவிடுவதால் இந்தச் சுற்று வேலை மிச்சம்.

லினக்ஸ் சர்வர்: டிஸ்க் வழி

லினக்ஸ் கெர்னலில் விர்ட்ஐஓ டிரைவர்கள் ஏற்கெனவே உண்டு. சிக்கல் இனிட்ராம்எஃப்எஸ்ஸில், அதாவது பூட் தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் சிறு கோப்புத் தொகுப்பில். ரெட் ஹேட் வகை வெளியீடுகள் 7ஆம் பதிப்பு முதல், அந்தந்த இயந்திரத்துக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் வைத்து அதை உருவாக்குகின்றன. பழைய சர்வரில் ரெய்டு கார்டு டிரைவர் மட்டும் இருக்கும். விஎம்மில் கெர்னல் எழும், ரூட் டிஸ்க்கைத் தேடும், கிடைக்காமல் சில நிமிடம் காத்திருந்து டிராகட் (இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் கருவி) அவசர முகப்பில் நின்றுவிடும்.

ஆகவே அணைக்கும் முன்பே, ஹோஸ்ட்-ஒன்லி இல்லாத தேர்வோடு (எல்லா டிரைவர்களையும் சேர்ப்பது) டிராகட்டை ஓட்டிப் புதிய இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்குங்கள். அது பழையதைவிடப் பெரிதாக இருக்கும். பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதியில் நிரம்பினால் பழைய சர்வரே எழாது. டெபியன், உபுண்டு வகையில் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் மாட்யூல்ஸ் மதிப்பு மோஸ்ட் என்று இருந்தால் கவலையில்லை. டெப் என்று இருந்தால் மாற்றிவிட்டுப் புதுப்பியுங்கள்.

இதைச் செய்யாமல் நகலெடுத்துவிட்டாலும் வழி உண்டு. ரெட் ஹேட் வகையில் கிரப் என்ற பூட்லோடர் பட்டியலின் கடைசியில் இருக்கும் ரெஸ்க்யூ வரியில் எல்லா டிரைவர்களும் இருக்கும். அதில் எழுந்து டிராகட்டை ஓட்டுங்கள்.

எஃப்எஸ்டேப் கோப்பில் (எந்த டிஸ்க் எங்கே இணையும் என்ற பட்டியல்) எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் இருந்தால் பிளாக்ஐடி காட்டும் யுயுஐடிக்கு (கோப்பமைப்பின் தனி அடையாள எண்) மாற்றுங்கள். விஎம்மில் அதே டிஸ்க் விடிஏ என்ற பெயரில் வரலாம். ஸ்வாப் வரியையும், கிரப் அமைப்பில் ரெஸ்யூம் என்று வரும் பகுதியையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு அணைத்து, லைவ் யுஎஸ்பியில் எழுப்பி, எல்எஸ்பிளாக்கில் டிஸ்க்குகளைச் சரிபாருங்கள். ரெய்டு கார்டு இருந்தால் ஒரே பெரிய டிஸ்க்காகத் தெரிய வேண்டும். எதுவுமே தெரியவில்லை என்றால் லைவ் லினக்ஸில் அந்தக் கார்டின் டிரைவர் இல்லை. வேறு பதிப்பை முயலுங்கள். எம்டிஅட்மின் மென்பொருள் ரெய்டு 1 என்றால் ஒரு டிஸ்க்கை மட்டும் எடுத்தாலும் விஎம் எழும், ஆனால் அரை ரெய்டு என்ற நிலையில். ரெய்டு பொறுப்பு இனி ஹோஸ்ட்டுடையது என்பதால், எழுந்த பிறகு அந்த வரிசையை ஒரு டிஸ்க் கொண்டதாகவே குறைத்துவிடலாம்.

டிடியை எஸ்எஸ்எச் வழியாக ஹோஸ்ட்டுக்குக் குழாய் போட்டு அனுப்பும்போது பிளாக் அளவை 4 எம்பி என்று கொடுங்கள். இயல்பான 512 பைட்டில் விட்டால் வேகம் படுத்துவிடும். மூலம் எது, இலக்கு எது என்பதை எண்டர் அழுத்தும் முன் வாய்விட்டுப் படியுங்கள். டிடிக்குத் திரும்பக் கேட்கும் பழக்கம் இல்லை. வந்து சேர்ந்த கச்சாப் பிம்பத்தை க்யூஇஎம்யு-இமேஜ் கன்வர்ட் கொண்டு க்யூகவ்2 ஆக மாற்றும்போது பூஜ்யங்களால் நிரம்பிய பகுதிகள் விடுபடும். ஆனால் அழித்த கோப்புகளின் மிச்சம் பூஜ்யம் இல்லை. இடம் மிச்சமாக வேண்டுமானால், விஎம் எழுந்த பிறகு டிஸ்க்கில் டிஸ்கார்டை இயக்கி எஃப்எஸ்டிரிம் ஓட்டுங்கள்.

லினக்ஸ் சர்வர்: கோப்பு வழி

நிறுத்தும் நேரத்தைச் சுருக்க இதைவிடச் சிறந்த முறை இல்லை. காலி விஎம்மை லைவ் ஐஎஸ்ஓவில் எழுப்பிப் பார்ட்டிஷன், கோப்பமைப்பு உருவாக்கி மவுண்ட் செய்யுங்கள். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்சிங்கின் முதல் சுற்று. அனுமதிகள், ஹார்ட்லிங்க்குகள், ஏசிஎல், நீட்டிப்புப் பண்புகள் எல்லாம் வரும் தேர்வுகளோடு, பயனர் எண்களைப் பெயராக மாற்றாமல் எண்ணாகவே கொண்டுவரும் தேர்வும் அவசியம். இல்லையென்றால் லைவ் லினக்ஸின் பயனர் பட்டியலோடு குழம்பி, கோப்பின் சொந்தக்காரர் மாறிவிடுவார். ப்ராக், சிஸ், டெவ், ரன் அடைவுகளின் உள்ளடக்கத்தை விலக்குங்கள். முதல் சுற்று எத்தனை மணி நேரம் ஓடினாலும் யாருக்கும் பாதிப்பில்லை.

கைமாற்றும் நேரத்தில் சேவைகளை நிறுத்திவிட்டு இரண்டாம் சுற்று. மாறிய கோப்புகள் மட்டும் வரும். மூலத்தில் அழிந்ததை இலக்கிலும் அழிக்கும் தேர்வை இந்தச் சுற்றில் சேருங்கள். முடிந்ததும் டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் மவுண்ட் செய்து, சிஎச்ரூட்டில் நுழைந்து, எஃப்எஸ்டேப்பில் புது யுயுஐடிகளை எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கிரப்பையும் புதிதாகப் போடுங்கள். எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு இயங்கும் சர்வர் என்றால் ரூட்டில் ஆட்டோரீலேபிள் என்ற காலிக் கோப்பு ஒன்றை, பெயருக்கு முன் ஒரு புள்ளியோடு வையுங்கள். முதல் பூட்டில் எல்லாக் கோப்புகளுக்கும் முத்திரை மறுபடி எழுதப்படும். கொஞ்சம் நேரம் எடுக்கும், தொங்கிவிட்டது என்று அணைத்துவிடாதீர்கள்.

முதல் பூட்: கேபிள் இல்லாமல்

விஎம்மின் நெட்வொர்க் அட்டையைத் துண்டித்த நிலையில் வைத்துத்தான் முதல்முறை எழுப்ப வேண்டும். பிராக்ஸ்மாக்ஸிலும் ஹைப்பர்-வியிலும் விஎம்வேரிலும் இதற்கு அமைப்பு உண்டு.

யுஇஎஃப்ஐ விஎம் டிஸ்க்கைக் கண்டும் பூட் ஆகவில்லையா? பூட் வரி டிஸ்க்கில் இருப்பதில்லை, மதர்போர்டின் நினைவகத்தில் இருப்பது, அது நகலாகாது. ஃபர்ம்வேர் திரையில் நுழைந்து, இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள பூட் கோப்பைக் கைகாட்டிப் புது வரி சேருங்கள். விண்டோஸில் அதுவும் பலிக்காவிட்டால் மீட்புத் திரையில் பிசிடிபூட் ஓட்டிப் பூட் கோப்புகளைப் புதிதாக எழுதலாம்.

ரெட் ஹேட் 9 வகை லினக்ஸ் தொடக்கத்திலேயே சிபியு போதாது என்று சொல்லி நின்றால், விஎம்மின் சிபியு வகை கேவிஎம்64 போன்ற மிகப் பழையதாக இருக்கிறது. ஹோஸ்ட் என்றோ, எக்ஸ்86-64-வி2 என்றோ மாற்றுங்கள்.

லினக்ஸில் நெட்வொர்க் அட்டையின் பெயர் மாறும். இஎன்பி3எஸ்0 என்று இருந்தது பிராக்ஸ்மாக்ஸில் இஎன்எஸ்18 ஆகவும், விஎம்வேரில் இஎன்எஸ்192 ஆகவும் வருவது வழக்கம். அமைப்புக் கோப்பில் பழைய பெயர் இருப்பதால் ஐபி ஏறாது. பழைய லினக்ஸ்களில் பெர்சிஸ்டன்ட் நெட் விதிக் கோப்பில் பழைய மேக் முகவரி எழுதப்பட்டிருக்கும். அந்த வரிகளை நீக்குங்கள். விண்டோஸில் அதே ஐபியைப் போடும்போது, அது வேறொரு மறைந்த அட்டைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை வரும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய அட்டைகளை அன்இன்ஸ்டால் செய்த பிறகு ஐபி போடுங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருப்பதாக விண்டோஸ் எண்ணும், லினக்ஸ் பொது நேரத்தில் இருப்பதாக எண்ணும். கேவிஎம்மில் விண்டோஸ் விஎம்முக்கு உள்ளூர் நேரத் தேர்வைப் போடாவிட்டால் சில மணி நேரம் பிசகி எழும். டொமைனில் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் உள்நுழைவே மறுக்கப்படலாம்.

கைமாற்றம்

1. பழைய சர்வரில் சேவைகளை நிறுத்தி, இறுதி நகல் எடுத்து, அணைத்து, நெட்வொர்க் கேபிளைக் கையால் உருவுங்கள். மின்சாரம் போய் வந்தால் தானாக எழும் அமைப்பு அதன் பயாஸில் இருந்தால் அதையும் அணையுங்கள்.
2. விஎம் அட்டைக்கு விலான் எண்ணைப் போடுங்கள். பழைய சர்வரின் ஸ்விட்ச் போர்ட்டே விலானைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஹோஸ்ட்டின் போர்ட் பல விலான்களைச் சுமக்கும் டிரங்க்காக இருந்தால், எண்ணை விஎம் அட்டையில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.
3. மேக் முகவரியோடு கட்டுண்ட உரிமம் இருந்தால் பழைய மேக் முகவரியை விஎம்முக்குக் கொடுங்கள். யுஎஸ்பி டாங்கிளை ஹோஸ்ட்டில் செருகி விஎம்முக்குக் கடத்துங்கள். விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். சர்வரோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது என்பதால், உரிமத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.
4. நெட்வொர்க்கை இணைத்து, கேட்வேக்கு பிங் பாருங்கள். போகவில்லை என்றால் ஃபயர்வாலில் நிலையான ஏஆர்பி (ஐபியை மேக் முகவரியோடு இணைக்கும் பதிவு) வரியோ, ஸ்விட்ச்சில் போர்ட் பாதுகாப்போ பழைய மேக் முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.
5. சேவைகளை ஒவ்வொன்றாக எழுப்பி, பயனர் செய்யும் ஒரு முழு வேலையைச் செய்து பாருங்கள்: உள்நுழைவு, ஒரு பதிவு, ஒரு அச்சு. பிங் போவது மட்டும் சான்றாகாது.

திரும்பிப் போகும் முடிவை எடுக்க ஒரு நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பயனர்கள் விஎம்மில் பதிவுகள் எழுதத் தொடங்கிவிட்டால், பழைய சர்வருக்குத் திரும்புவது அந்தப் பதிவுகளை இழப்பதாகும். சோதனைக்காக எடுத்த விண்டோஸ் நகலை வாரக்கணக்கில் வைத்திருந்து அதையே இறுதியாகப் பயன்படுத்தவும் முயலாதீர்கள். டொமைனில் உள்ள கணினி தன் ரகசியச் சொல்லை இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறது. பழைய சர்வர் இடையில் மாற்றியிருந்தால் நகலின் மேல் டொமைனுக்கு நம்பிக்கை இருக்காது.

அடுத்த இரண்டு வாரம்

தயாரிப்பாளரின் கண்காணிப்பு ஏஜென்ட்டுகளை நீக்கி, ஹைப்பர்வைசரின் (ஹோஸ்ட்டில் விஎம்களை ஓட்டும் மென்பொருள்) கெஸ்ட் கருவிகளை நிறுவுங்கள். நேரத்தை ஹோஸ்ட்டிலிருந்து எடுப்பதா, என்டிபியிலிருந்து (நெட்வொர்க் வழி நேரச் சேவை) எடுப்பதா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டும் சேர்ந்தால் கடிகாரம் முன்னும் பின்னும் தாவும். பாதுகாப்புக்காக எடுத்த ஸ்னாப்ஷாட்டை ஓரிரு நாளில் நீக்கிவிடுங்கள், விட்டால் அது வளர்ந்து ஸ்டோரேஜை நிரப்பும். பேக்கப் பட்டியலில் விஎம்மைச் சேர்த்து, அந்தப் பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள்.

மாதக் கடைசி வேலை ஒருமுறை விஎம்மில் ஓடி முடியும்வரை பழைய சர்வரைக் கேபிள் உருவிய நிலையில் அப்படியே வைத்திருங்கள். அதன்பின் டிஸ்க்குகளை அழிக்கலாம். சுழலும் டிஸ்க் என்றால் முழுவதையும் ஒருமுறை மேலெழுதினால் போதும். எஸ்எஸ்டி என்றால் மேலெழுதுவது ஒதுக்கி வைத்த செல்களை எட்டாது; டிரைவின் உள்ளமைந்த பாதுகாப்பான அழிப்புக் கட்டளையையே பயன்படுத்துங்கள். ரெய்டு கார்டுக்குப் பின்னால் அந்தக் கட்டளை பெரும்பாலும் போய்ச் சேராது என்பதால், டிரைவைக் கழற்றி நேரடியாக வேறொரு கணினியில் மாட்டிச் செய்ய வேண்டியிருக்கும்.